பாற்பல்லை அணிலுக்குக் குடுக்கிறதா, பாங்கில போடுறதா?

கேள்வி: டொக்டர் அக்கா, மகளுக்கு ஆறரை வயசு, கீழ் முன்பல் ரெண்டும் ஆடுது. போன கிழமை ஒரு கம்பனி ஆள் வீட்ட வந்தவர். விழுற பாற்பல்லைக் குடுத்தா அதுக்குள்ள இருக்கிற ஸ்டெம் செல்லை, அதாவது வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்லை, எடுத்துப் பத்திரமா வைப்பினமாம், நாளைக்குப் பிள்ளைக்கு சுகர், ஹார்ட், முள்ளந்தண்டு எது வந்தாலும் அதாலயே மாத்தலாமாம், இப்ப விட்டா பிறகு கிடைக்காதாம். இவர் என்ர காப்பை அடகு வச்சாவது போடுவம் எண்டு நிக்கிறார். மாமி என்னண்டா, பல்லைக் கூரையில எறிஞ்சு அணிலுக்குத்தானே குடுக்கிறது, இதென்ன புதினம் எண்டு சிரிக்கிறா. என்ன செய்ய?
- ஒரு அம்மா, உவர்மலை

பதில்: தங்கச்சி, முதல்ல காப்பை அலுமாரிக்குள்ள வையுங்கோ, பேந்து கதைப்பம்.

அந்த ஆள் சொன்னது முழுப் பொய் எண்டா ஒரு வரியில முடிச்சிருப்பன், அப்பிடி இல்லாததுதான் கரைச்சல். பல்லுக்கு நடுவில சிவப்பா ஒரு சதை இருக்கு, பல்ப் எண்டு சொல்லுவம், நரம்பும் ரத்தக்குழாயும் அதுக்குள்ளதான் ஓடுது. ஞானப்பல்லின்ர பல்பில ஸ்டெம் செல் இருக்கு எண்டு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில கண்டுபிடிச்சவை. அந்தக் குழுவில இருந்த சொங்டாவோ ஷி எண்ட பல் டொக்டர், தன்ர மகளின்ர விழுந்த பல்லுக்குள்ள சிவப்பா கொஞ்சம் சதை மிச்சம் கிடக்கிறதைக் கண்டிட்டுத்தான் பாற்பல்லையும் லாபுக்குக் கொண்டுபோனவர், 2003இல அந்த ஆராய்ச்சி வெளியில வந்தது. ஒரு முன்பல்லில அவைக்குக் கிடைச்சது எத்தினை செல் தெரியுமோ? 12இல இருந்து 20 வரைக்கும்தான், அதை வளத்துத்தான் பெருக்கினவை.

2018இல சீனாவில இதைவிடப் பெரிய விசயம் ஒண்டு நடந்தது. விழுந்து அடிபட்டு முன்பல் செத்துப்போன பிள்ளையளுக்கு அவையின்ரயே பாற்பல் செல்லை வளத்து அந்தப் பல்லுக்குள்ள வைக்க, ரத்தோட்டமும் உணர்ச்சியும் திரும்பி வந்திருக்கு. வாசிக்கேக்க எனக்குப் புல்லரிச்சது, ஏனெண்டா அப்பிடி வாற பிள்ளைக்கு நாங்கள் இப்பவும் உள்ளுக்குத் துப்பரவாக்கி அடைச்சுத்தான் விடுறம். ஆனா கவனியுங்கோ, அந்த செல் வருசக்கணக்கா பாங்கில கிடந்து வந்ததில்லை, பிள்ளையின்ர வாயில மிச்சமிருந்த பாற்பல்லை அந்த நேரமே கழட்டி எடுத்தது.

சுகர், ஹார்ட், முள்ளந்தண்டு எல்லாம் பெரும்பாலும் எலியில செய்து பாத்த கதையள். ஆஸ்பத்திரியில எழுதிக் குடுக்கிற வைத்தியம் எண்டு இன்னும் வரேல்ல. தொப்புள்கொடி ரத்தத்தோடயும் இதைக் குழப்பக் கூடாது. அதில இருக்கிறது ரத்தம் உண்டாக்கிற செல், 1988இல பாரிசில முதல் ஆளுக்கு ஏத்தினதில இருந்து பாவனையில இருக்கு. பல்லில இருக்கிறது எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு மாதிரி ஆகக்கூடிய வேற ஒரு சாதி. பிறப்பிலேயே ஜீனில குறை இருந்தா அதே குறை பல்லு செல்லிலயும் இருக்கும், அதையும் அந்த ஆள் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொண்டு, விழுற எல்லாப் பல்லும் இதுக்குச் சரிவராது. என்ர மகன் ஆடின பல்லைத் தொடவே விடாமல் ரெண்டு கிழமை தொங்கவிட்டுக்கொண்டு திரிஞ்சவன், கடைசியில கச்சான் கடிக்கேக்க விழுந்திட்டு. திருப்பிப் பாத்தா உள்ளுக்கு ஒண்டுமில்லை, கடற்கரையில கிடக்கிற சிப்பி மாதிரி வெறும் கோது. பல்ப் எல்லாம் கரைஞ்சு போச்சு. பாங்குக்கு எண்டா ஆடத் தொடங்கி ரத்தோட்டம் இருக்கேக்கயே கழட்டி, குளிரா வச்சு, ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள லாபுக்குப் போகோணும். திருகோணமலை வெயிலில, கொழும்பு பஸ்ஸில, யாரின்ர மடியில வச்சுக் கொண்டுபோறது? சூத்தைப் பல்லும் சரிவராது.

இப்ப விட்டா போச்சு எண்டது சுத்த வியாபாரக் கதை. ஞானப்பல் பதினெட்டு இருபதில முளைக்கும், அதிலயும் இதே செல் இருக்கு, முதல் கண்டுபிடிச்சதே அதிலதானே. எலும்பு மச்சையிலயும் கொழுப்பிலயும் இதுக்குக் கிட்டின சாதி செல் வளந்தாப் பிறகும் இருக்கு.

கையில மிச்சக் காசு இருக்கிறவை ஆசைக்குப் போட்டா நான் மறிக்க மாட்டன். ஆனா முழுப்பல்லை உறைய வைக்கினமா, செல்லைப் பிரிச்சு உயிரோட இருக்கோ எண்டு பாத்து ரிப்போட் தருவினமா, மைனஸ் 196 பாகையில வைக்கிற அந்த டாங்கி எந்த நாட்டில இருக்கு, கம்பனி மூடினா செல் என்னாகும், வருசக் காசு கட்ட மறந்தா என்ன செய்வினம் எண்டு எழுத்தில கேளுங்கோ. பெரும்பாலும் அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

நீங்கள் இண்டைக்கே செய்யவேண்டியது வேற. ஒரு டோர்ச் எடுத்து மகளின்ர வாயை ஆவெண்டு திறக்கச் சொல்லி, பாற்பல் வரிசைக்குக் கடைசியில, பின்னால பாருங்கோ. புதுசா பெரிய கடைவாய்ப்பல் தலை நீட்டியிருக்கும். ஒரு பல்லும் விழாமலே அது வாறதால கனபேர் பாற்பல் எண்டு நினைச்சு விட்டிடுகினம், அது சாகும்வரைக்கும் இருக்கவேண்டிய பல். எட்டு வயசில அதில கிடங்கு விழுந்து வாற பிள்ளையள் எத்தினை எண்டு எங்கட கிளினிக்கில வந்து ஒரு காலமை இருந்து பாருங்கோ. பள்ளிக்கூடப் பல் கிளினிக்கில அதைக் காசில்லாமல் பாப்பினம், காப்பெல்லாம் தேவையில்லை.

கேள்வி: கடற்கரையில கிரிக்கெட் விளையாடேக்க பந்து பட்டு மகன்ர மேல் முன்பல் வேரோட விழுந்திட்டு, வயசு பன்னிரண்டு. டிசுவில சுத்தி மூண்டு மணித்தியாலம் கழிச்சுக் கொண்டுபோக, பிந்திப்போச்சு எண்டிட்டினம். வேற என்ன செய்திருக்கலாம்?
- நிலாவெளி வாசகர்

பதில்: அண்ணை, டிசுதான் கெடுத்தது, காய்ஞ்சா வேரில ஒட்டியிருக்கிற செல் செத்துப்போகும். இளைய பிள்ளைக்கு இப்பிடி நடந்தா, வேரைத் தொடாமல் மேல்பக்கத்தில பிடிச்சு, மண்ணை ஒருக்கா தண்ணியில அலசி, அந்தக் குழிக்குள்ளயே திருப்பி வச்சு மெதுவா ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கோ. ஏலாட்டி பாலுக்குள்ள போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள பல் டொக்டரிட்ட ஓடுங்கோ. பாற்பல் எண்டா மட்டும் திருப்பி வைக்க வேண்டாம், உள்ளுக்கு நிக்கிற புதுப் பல்லுக்கு அடிபடும்.