தடைப் பட்டியல் ஏன் எடுபடவில்லை?

கேள்வி: நான் ஒரு சபையின் போதகர். எங்கள் வாலிபர்கள் ஒவ்வொருவராக நழுவிப்போகிறார்கள். செல்போன், சினிமா, உடை, நட்பு என்று இக்காலத்தின் ஆபத்துகளைப் பற்றி வாரம் தவறாமல் பிரசங்கிக்கிறேன், பயனில்லை. மேடையில் வண்ண விளக்கும் இசைக்குழுவும் வைத்தால் வருவார்கள் என்கிறார்கள் மூப்பர்கள் சிலர். காலத்தோடு ஒத்துப்போவதா, எதிர்த்து நிற்பதா?

பதில்: ‘வாரம் தவறாமல்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

உலகம் கெட்டுக் கிடக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு, திங்கட்கிழமை காலையிலிருந்து அந்த உலகத்தோடுதான் வேலை. எதையெல்லாம் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறீர்கள். பட்டியலில் இல்லாத ஒன்று எதிரே வந்து நின்றால் எப்படி முடிவெடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அப்படிப்பட்டவைதான் தினமும் வந்து நிற்கின்றன.

தானியேலின் சிங்கக் கெபியைப் பலமுறை பிரசங்கித்திருப்பீர்கள். முதல் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். சிறைபிடித்துக் கொண்டுபோன பாபிலோன் அவனுக்கு பெல்தெஷாத்சார் என்று பெயர் மாற்றியது. அது தன் தேவனுடைய நாமத்தின்படி வைத்த பெயர் என்று ராஜா நேபுகாத்நேச்சாரே 4ஆம் அதிகாரத்தில் சொல்கிறான். தானியேல் அதை எதிர்த்ததாக ஒரு வசனமும் இல்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்கச் சொன்னார்கள், கற்றான். பயிற்சி 3 வருஷம். அரண்மனை உத்தியோகத்தையும் ஏற்றான். ராஜாவின் போஜனம், திராட்சரசம் என்கிற இடத்தில்தான் கோடு போட்டான்.

போட்ட விதத்தையும் கவனியுங்கள். தட்டு முன்னால் வந்த பிறகு யோசிக்கவில்லை. இருதயத்தில் முன்பே தீர்மானம் பண்ணியிருந்தான். பிறகு அனுமதி கேட்டான். ‘நீங்கள் வாடிப்போனால் என் தலை போகும்’ என்று பிரதானிகளின் தலைவன் பயந்தான். அவனைத் துன்மார்க்கன் என்று திட்டாமல், கீழே இருந்த விசாரணைக்காரனிடம் தானியேல் போனான்: 10 நாள், மரக்கறியும் தண்ணீரும், அப்புறம் நீரே பார்த்துச் செய்யும். மேலே இருந்தவனுடைய பயத்துக்கும் அந்த யோசனையிலேயே பதில் இருந்தது.

நம் பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அறிக்கையில் எண்ணைக் கூட்டிப் போடச் சொல்கிறார் மேனேஜர். ‘நான் கிறிஸ்தவன், பொய் எழுதமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறான் பையன். மேனேஜர் காதில் அது ‘நீ அயோக்கியன்’ என்றுதான் விழும். ‘இந்த எண்ணை என்னால் போட முடியாது சார். சரியான எண்ணோடு, வேலை ஏன் தாமதமானது என்று ஒரு பக்கம் எழுதிச் சாயங்காலத்துக்குள் தருகிறேன். வாடிக்கையாளரிடம் பேச நானும் கூட வருகிறேன்’ என்று சொல்லப் பழக்குங்கள். வாலிபர் கூட்டத்தில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் உளறுவார்கள். அங்கே உளறினால் நஷ்டமில்லை.

இப்படிச் சொன்னாலும் வேலை போகலாம். அப்படிப் போனால், அவன் வீட்டுச் செலவை மூன்று மாதம் சபை தாங்குமா? மூப்பர்களை இதை முதலில் பேசச் சொல்லுங்கள்; விளக்கைப் பற்றி அப்புறம் பேசலாம். தாங்கமாட்டோம் என்றால், தைரியமாய் நில்லுங்கள் என்று மேடையிலிருந்து முழங்குவதையாவது நிறுத்துங்கள்.

முடிவெடுக்கக் கற்றுத்தர, பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை போதும். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி, ஒரே இறைச்சிதான். கடையில் விற்றால் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசியின் வீட்டு விருந்தில் வைத்தால் சாப்பிடு. அங்கேயே ஒருவன் ‘இது படைத்தது’ என்று சொன்னால், சொன்னவனுக்காகச் சாப்பிடாதே. விக்கிரகத்தின் பந்தியிலேயே உட்காருவதா, கூடாது. பொருள் மாறவில்லை, இடமும் பக்கத்தில் இருக்கிற ஆளும் மாற மாற பவுலின் பதிலும் மாறுகிறது. ஆபீஸ் விருந்துக்குப் போகலாமா என்று கேட்கிற பெண்ணிடம் ஆம், இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். போவது ஒன்று; குடித்தால்தான் நீ நம்ம ஆள் என்கிற இடத்தில் கோப்பையைத் தூக்குவது வேறு. குடியை விட்டு நாலு மாதம் ஆன ஒருவர் பக்கத்தில் இருந்தால் கணக்கு மறுபடி மாறும். இதை அவளே கண்டுபிடிக்கட்டும். ரோமர் 14ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்துக்கு வேண்டாம், குழம்பிவிடுவார்கள்.

நடைமுறைக்கு: எட்டுப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பெயர் எழுதாத சீட்டில் ஆளுக்கொரு கேள்வி. முதல் 20 நிமிடம் நீங்கள் வாய் திறக்கக் கூடாது (போதகர்களுக்கு இது உபவாசத்தைவிடக் கடினம்). தெரியாததற்கு அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி அடுத்த வாரம் பதிலோடு வாருங்கள். சீட்டில் வந்ததை ஞாயிறு பிரசங்கத்தில் மறைமுகமாக இடித்துக் காட்டினால் அன்றோடு கூட்டம் முடிந்தது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் முயலாதீர்கள். பெற்றோர் வந்து என் பிள்ளை என்ன கேட்டான் என்று விசாரிப்பார்கள். அவர்களிடமும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

வண்ண விளக்கில் பாவமில்லை. இசைக்குழுவும் அப்படித்தான். வாசலுக்குள் கொஞ்சம் பேரைக் கொண்டுவரும். அறிக்கையில் எந்த எண்ணைப் போடுவது என்று அது சொல்லாது.

முதல் வாரச் சீட்டுகளில் ஒன்று அநேகமாக உங்கள் பிரசங்கத்தின் நீளத்தைப் பற்றியதாக இருக்கும். அதையும் சத்தமாக வாசியுங்கள்.