கரண்ட் வைத்தால் மூட்டுத் தேய்மானம் சரியாகுமா?

வாசகர் கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

எனக்கு வயது 58. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். பிசியோதெரபிக்குப் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டேன். வைத்தவுடன் சுகமாக இருக்கிறது. சாயங்காலம் வலி திரும்பிவிடுகிறது. இப்போது மகன், வீட்டிலேயே கரண்ட் வைத்துக்கொள்ளும் ‘டென்ஸ்’ என்ற சிறிய மெஷினை வாங்கித் தந்திருக்கிறான். தினமும் வைத்தால் தேய்மானம் சரியாகிவிடுமா?
– வாசகி, ஈரோடு

சரியாகாது அம்மா. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கரண்ட்டும் வளர்க்காது. வளர்த்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்காக மெஷினைப் பரணில் போட்டுவிடவும் வேண்டாம்.

கால் எங்காவது இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது அல்லவா? தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடித்தவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. தடித்த இழைகள் மும்முரமாக வேலை செய்யும்போது, வலிச் செய்தி தண்டுவடத்தைத் தாண்டி மூளைக்குப் போவது மட்டுப்படுகிறது. ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் இதை ஒரு வாயிற்கதவாக வைத்து விளக்கினார்கள். டென்ஸ் மெஷின் தோலின் மேலிருந்தே அந்தத் தடித்த இழைகளைத் தூண்டிவிடுகிறது. ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. தூண்டுதல் நின்று சிறிது நேரத்தில் கதவு பழையபடி திறந்துகொள்கிறது. உங்களுக்குச் சாயங்காலம் வலி திரும்புவது அதனால்தான்.

வைக்கும் முறையைச் சொல்கிறேன். தைலம், எண்ணெய் எதுவும் இல்லாமல் முழங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். மெஷினின் ஒட்டுப் பட்டைகளைத் தைலத்தின் மேல் ஒட்டிவிட்டு ‘பிடிக்கவே இல்லை, தோல் எரிகிறது’ என்று வருகிறவர்கள் அதிகம். முழங்கால் சில்லின் மேல் ஒட்டாமல் அதன் இரு பக்கமும் ஒட்டுங்கள். 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை துடிப்பு) வரை வைத்து, அளவை மெதுவாகக் கூட்டுங்கள். குறுகுறுப்பு நன்றாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. தசை துள்ளினால் குறைத்துவிடுங்கள். சற்று நேரத்தில் உணர்ச்சி பழகி மங்கும். அப்போது ஒரு படி கூட்டலாம். அரைமணி நேரம் போதும். வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள்.

அந்த அரைமணிக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். சிகிச்சைக்கு வருகிறவர்கள் பட்டையைக் கட்டிக்கொண்டு படுக்கிறார்கள், எழுந்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டுகிறார்கள். பயிற்சி எழுதிக் கொடுத்த தாள் நான்காக மடிந்து பைக்குள் போகிறது. ‘பயிற்சி செய்தீர்களா?’ என்றால் ‘அதுதான் கரண்ட் வைத்தாயிற்றே’ என்கிறார்கள். எனக்கு மனம் ஆறுவதே இல்லை. வலி குறைந்திருக்கும் அந்தப் பொன்னான நேரத்தை ஆட்டோவில் உட்கார்ந்து கழிக்கிறார்கள்!

2022-இல் 381 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல், டென்ஸ் வைத்திருக்கும்போதும் எடுத்த உடனேயும் வலி குறைகிறது என்றது. அதே ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு, மூட்டுத் தேய்மானத்துக்கு டென்ஸைப் பரிந்துரைக்க வேண்டாம், உடற்பயிற்சியைக் கொடுங்கள் என்றது. என் பார்வையில் இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. நிவாரணம் உண்மை, அது நீடிப்பதில்லை என்பதும் உண்மை. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்தசை. அதற்குப் பலம் ஏற்றுவது பயிற்சிதான்.

ஆகவே மெஷினை எடுத்த கையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. பிறகு கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பல வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. பாதம் எரிகிறது. நடக்கும்போது செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. பாதத்தில் டென்ஸ் வைக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

வைக்காதீர்கள் ஐயா. செருப்பு கழன்றதே தெரியாத பாதத்துக்கு, கரண்ட் அளவு மீறினாலும் தெரியாது, தோல் புண்ணாகிவிடும். சுடுநீர் ஒத்தடத்துக்கும் இதையே சொல்வேன். முதலில் சர்க்கரை டாக்டரிடம் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். அதுவரை தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வெறுங்காலுடன் வாசலுக்குக்கூடப் போக வேண்டாம்.

அப்பாவுக்குத் தோள்பட்டை வலி. பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார். என்னுடைய டென்ஸ் மெஷினை அவருக்கு வைக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. மெஷினின் துடிப்பை இதயத்தின் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதய டாக்டரின் அனுமதி இல்லாமல் அவர் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம். கர்ப்பிணிகளின் வயிற்றிலும், யாருடைய கழுத்தின் முன்பக்கத்திலும் வைக்கவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும், காலில் ரத்தம் உறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்பாவுக்குக் கையை எந்தப் பக்கம் தூக்கினால் வலிக்கிறது, இரவில் அந்தத் தோளில் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா என்று கவனித்துக் குறித்துக்கொண்டு நேரில் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ வியர்வையோ தோள் வலியோடு சேர்ந்து வந்தால் பிசியோதெரபிஸ்டைத் தேட வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.