டர்னர் சிண்ட்ரோம்: ஹார்மோன் மாத்திரையா, பேட்ச்சா, ஜெல்லா?

கேள்வி: மகளுக்கு 12 வயது டாக்டர். டர்னர் சிண்ட்ரோம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போய்க்கொண்டிருக்கிறது. இப்போது ஈஸ்ட்ரோஜன் பேட்ச்சை வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். மாத்திரை கொடுத்தால் ஆகாதா?

பதில்: டர்னர் என்பது ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ பிறப்பது. பெரும்பாலோருக்குச் சினைப்பை சரியாகச் சுரக்காததால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து தருகிறோம். மாத்திரையும் ஆகும் அம்மா. ஆனால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. வளர்ச்சி ஊசியின் பலனும் கொஞ்சம் குறையலாம். தோல் வழியாகப் போவது, சினைப்பையில் சுரப்பது போலவே நேராக இரத்தத்தில் கலக்கும். அதனால் நானும் பேட்ச்சைத்தான் சொல்வேன்.

பெரியவர்களுக்கு நாளுக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் தேவை. தொடக்கத்தில் 3 முதல் 7 போதும், அதனால்தான் வெட்டுகிறோம். 25 மைக்ரோகிராம் பேட்ச்சை நாலாக வெட்டினால் ஏறக்குறைய 6 வரும். மருந்து பசையோடு கலந்திருக்கும் மேட்ரிக்ஸ் வகையைத்தான் வெட்டலாம். பைக்குள் திரவமாக இருக்கும் வகையை வெட்டினால் மருந்து கசிந்துவிடும். அளவை 2, 3 வருடங்களில் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடி, உயரம் நின்றுவிடும்.

கேள்வி: வயது 26. பல வருடமாகக் கருத்தடை மாத்திரைதான் தருகிறார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. அப்படியே தொடரலாமா?

பதில்: மாற்றுவது பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். மாதாமாதம் உதிரப்போக்கு வருவதால் மட்டும் ஹார்மோன் போதுமானதாக இருக்கிறது என்று ஆகாது. 21 மாத்திரை, 7 நாள் இடைவெளி என்றால் வருடத்தில் 13 வாரம் உங்கள் எலும்புக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லை. அப்புறம், பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. டர்னர் உள்ளவர்களுக்குப் பெருந்தமனி கிழியும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மாற்றாக, உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ராடியால் பேட்ச், கூடவே மாதம் 12 நாள் இரவில் 200 மி.கி. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டெரோன் என்பது வழக்கமான முறை. தூக்கம் வரும் என்பதால்தான் இரவு. புரோஜெஸ்டெரோனை மட்டும் விட்டுவிடாதீர்கள்; அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். சிலருக்கு இயற்கையாகக் கரு தங்குவதுண்டு, பேட்ச் அதைத் தடுக்காது. கருத்தடையும் தேவையென்றால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஏதாவது பிரச்சினையா?

பதில்: ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எடுத்தால் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை பாருங்கள். பேட்ச்சில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கேள்வி: கல்லீரல் என்சைம் கூடியிருக்கிறது. ஹார்மோனை நிறுத்திவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். டர்னரில் இது சகஜம்; ஈஸ்ட்ரோஜனால் பலருக்கு அது குறையவே செய்கிறது. காரணத்தை மட்டும் டாக்டர் பார்த்துவிடட்டும்.

கேள்வி: சென்னை வெயிலில் பேட்ச் உரிந்து வந்துவிடுகிறது!

பதில்: பவுடர், எண்ணெய் படாத காய்ந்த தோலில், அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்டி 10 விநாடி உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றுங்கள். அப்படியும் நிற்கவில்லையா, ஜெல்லுக்கு மாறலாம். அதுவும் தோல் வழிதான், ஆனால் தினமும் தடவ வேண்டும். தடவிய இடம் காய்ந்த பிறகும் துணியால் மூடியே வையுங்கள், குழந்தைகள் மேல் பட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஈஸ்ட்ராடியால் மாத்திரையே சரி.