பெண்கள் சிறையில் கைதிகளுக்குள் போட்டியும் பகையும் ஏன் எழுகின்றன? அவர்களிடையே விசுவாசமும் உண்டா?

அதன் வேர் பெண்களின் குணத்தில் இல்லை. நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதி ஒருவரையே வார்டராக்கி, அதற்குக் கூடுதல் தண்டனைக் குறைப்பும் தந்து, மற்றவர்களைக் கண்காணிக்க வைக்கும் நெடுநாள் முறையில்தான் இருக்கிறது. அதிகாரிகள் அவரைத் தம் கண்ணாகவும் காதாகவும் நினைக்க, கைதிகளோ தங்களுக்காக அவர் வாய் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றனர்.

மும்பை பைகுல்லா சிறையில் 2017 ஜூனில், காலை உணவில் 2 முட்டையும் 5 பாவ் ரொட்டியும் கணக்கில் குறைந்ததால் எழுந்த தகராறில், அத்தகைய வார்டர் பெண் ஒருவர் சிறைப் பணியாளர்களால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. அவர்களில் 6 பேர் கைதாயினர். அந்தச் சாவை எதிர்த்துக் கூரைமேல் ஏறிப் போராடியவர்கள் உட்படச் சுமார் 200 கைதிகள்மீதும் கலவர வழக்குப் பாய்ந்தது. இருந்தும், குற்றம் சாட்டப்பட்டோரின் சக ஊழியர்கள் பூட்டும் அறையிலேயே இரவைக் கழிக்க வேண்டியிருந்த நிலையிலும், கைதிகளில் சிலர் இறந்தவருக்காகத் துணிந்து வாக்குமூலம் தந்தனர். விசுவாசம் என்று நான் சொல்வது அதைத்தான்.