வார்லாக்கின் ஏவல் பூதங்கள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாட்களில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டு ஆடுகிறேன். என் ஆள் பூதங்களை ஏவும் வார்லாக், லெவல் 31. தனியாக ஆடும்போது வாய்ட்வாக்கர் என்ற பூதத்தை வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறேன். குரூப்பில் சேர்ந்தால்தான் வம்பு. போன வாரம் நோமரிகன் டஞ்சனில் (குழுவாகப் போகும் நிலவறை) எல்லோரும் மேலிருந்து குதித்தார்கள், நானும் குதித்தேன். கொஞ்ச நேரத்தில் என் வாய்ட்வாக்கர் ஒரு கும்பலையே பின்னால் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஐந்து பேரும் செத்தோம். என்னை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் மேல் என்ன தப்பு என்று இன்னும் புரியவில்லை. இன்னும் சில சந்தேகங்கள். பூதத்தைக் கூப்பிடச் செலவாகும் ஷார்டு பையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது, எத்தனை வைத்திருந்தால் போதும்? புதிதாகக் கிடைத்த ஃபெல்ஹண்டர் பூதத்தை எப்போது கூப்பிடுவது? நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது? கடைசியாக ஒன்று. அம்மா கூடலூர்க்காரர். திரையைப் பார்த்துவிட்டு, "குட்டிச்சாத்தானை ஏவினா ஒருநாள் ஏவினவனையே திருப்பி அடிக்கும்" என்கிறார். இந்த விளையாட்டிலும் அப்படி உண்டா?

எம்., கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நோமரிகனில் நடந்ததற்கான காரணமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நம் கதைகளில் ஏவல் பேய்க்கு ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை தீர்ந்தால் அது ஏவியவன் மேல் பாயும். இந்த விளையாட்டில் இரண்டு வகைப் பூதங்கள் உண்டு. இம்ப், வாய்ட்வாக்கர், சக்குபஸ், ஃபெல்ஹண்டர் ஆகிய நான்கும் கட்டுப்பட்டவை. இவை ஒருநாளும் உங்கள் மேல் திரும்பாது. வேட்டைக்காரனின் மிருகத்துக்காவது தீனி போட வேண்டும், மனம் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிப்போகும். உங்கள் பூதத்துக்கு அதுவும் வேண்டாம். அம்மா சொல்வது முழுக்கப் பொருந்துவது இரண்டாம் வகைக்கு. லெவல் 50 குவெஸ்டில் கிடைக்கும் இன்ஃபெர்னல், லெவல் 60-இல் வரும் டூம்கார்டு, என்ஸ்லேவ் டீமன் என்ற கட்டும் மந்திரத்தைப் போட்டு வழியில் பிடிக்கும் பூதங்கள் எல்லாம் அந்த வகை. இன்ஃபெர்னல் 5 நிமிடம் சொன்னபடி கேட்கும், அதன்பின் உங்களையே அடிக்கும். என்ஸ்லேவின் கெடுவும் அதிகபட்சம் 5 நிமிடம்தான், அதற்கு முன்பே அறுந்துபோவதும் உண்டு. டூம்கார்டை வரவழைக்க உங்களோடு சேர்த்து 5 பேர் சடங்கில் நிற்க வேண்டும். அவர்களில் யாராவது ஒருவர் பலியாவார். வந்த பூதத்தை அந்தக் கணமே என்ஸ்லேவ் செய்யாவிட்டால் மிச்சம் இருப்பவர்களை அடிக்கும். ஆக அம்மா சொன்னது சரி, நீங்கள் அந்த லெவலுக்கு இன்னும் வரவில்லை. வரும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கட்டு அறுந்ததும் முதலில் பானிஷ் மந்திரத்தைப் போடுங்கள். அதன் இரண்டாம் ரேங்க் (படிநிலை) 30 விநாடி நிறுத்தி வைக்கும். மறுபடி கட்டுவதா, தள்ளிப் போய்விடுவதா என்று முடிவுசெய்ய அந்த நேரம் போதும்.

இனி நோமரிகன். உங்கள் வாய்ட்வாக்கர் எதையும் மீறவில்லை. "என் பின்னால் வா" என்ற ஆணை அதன் மேல் இருந்தது, அது வந்தது. குதிக்கத்தான் அதற்குத் தெரியாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் மேலே நின்று நேராகக் கீழே குதித்துவிட்டீர்கள். பூதமோ 36 வளைவையும் ஓடிக் கடந்து வருகிறது, வழியில் நிற்கும் ஒவ்வொருவனையும் உரசிக்கொண்டு. உரசியவன் எல்லாம் அதன் பின்னால் ஓடி வருகிறான். அது உங்களிடம் வந்து சேரும்போது அவர்களும் வந்து சேர்கிறார்கள்.

தப்பு உங்களுடையதுதான், ஆனால் வார்லாக் ஆடும் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு. அதற்காக உங்களை நீக்கியது நியாயமே இல்லை. குதிக்கும் முன் யாராவது ஒருவர் "பெட்டை (பூதத்தை) அனுப்பிடு" என்று சொல்லியிருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. விளிம்புக்கு வந்ததும் நில்லுங்கள். பூதத்தின் முகப்படத்தில் வலது கிளிக் செய்து டிஸ்மிஸ் கொடுங்கள். அது மறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு குதியுங்கள். ஸ்டே கொடுத்துவிட்டுக் குதிப்பது தீர்வு ஆகாது. கீழே போய் மறதியில் ஃபாலோ அழுத்தினால் அதே கதைதான். கீழே மறுபடி கூப்பிட வாய்ட்வாக்கருக்கு ஒரு ஷார்டும் 10 விநாடியும் செலவாகும். இம்புக்கு ஷார்டே வேண்டாம். குதிக்கிற இடம் உள்ள டஞ்சனுக்கு இம்போடு போகச் சொல்வது இதனால்தான். அதன் பிளட் பேக்ட் குரூப்பில் எல்லோருக்கும் ஸ்டாமினா ஏற்றும், அது ஒரு கூடுதல் வரவு.

பூதத்தை ஏவ எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். திரும்ப அழைக்கப் பழகுவதில்லை. கண்ட்ரோலோடு 1 அட்டாக், 2 ஃபாலோ, 3 ஸ்டே. 8 அக்ரெசிவ் (கண்டதையெல்லாம் அடிக்கும்), 9 டிஃபென்சிவ் (உங்களை அடிப்பவனை அடிக்கும்), 0 பேசிவ் (சொன்னால்தான் அடிக்கும்). இதில் 1-ஐ மட்டுமே தொடுகிறவர்கள் பாதிப் பேர். இரண்டு மேக்ரோ (ஒரே பொத்தானில் ஓடும் கட்டளை வரிகள்) எழுதி விரலுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஒன்றில் ஸ்லாஷ் போட்டு பெட்அட்டாக். இன்னொன்றில் இரண்டு வரி: ஸ்லாஷ் பெட்பேசிவ், அடுத்த வரியில் ஸ்லாஷ் பெட்ஃபாலோ. அடித்துக்கொண்டிருக்கும் பூதத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ள இந்த இரண்டாவது மேக்ரோதான் உதவும்.

டஞ்சனுக்குள் எப்போதும் பேசிவ். டிஃபென்சிவில் விட்டால், யாரோ மயக்கிவைத்த மாப் (கணினி ஆட்டுவிக்கும் எதிரி) விழித்து உங்களை ஒரு அடி அடித்தாலும் பூதம் அதன் மேல் பாயும். மேஜ் என்ற மந்திரக்காரர் ஆடாக மாற்றி வைத்த மாப் பக்கம் போய்விட்டால் அந்த மயக்கமும் கலையும். அக்ரெசிவை டஞ்சனில் தொடவே வேண்டாம். தனியாக ஆடும்போது டிஃபென்சிவ் போதும்.

அடுத்தது ஆட்டோகாஸ்ட். பூதத்தின் திறன் பொத்தானில் வலது கிளிக் செய்தால் அது தானாக இயங்கும், மறுபடி செய்தால் நிற்கும். குரூப்பில் டாங்க் (முன்னால் நின்று அடியைத் தாங்குபவர்) இருக்கும்போது வாய்ட்வாக்கரின் டார்மென்ட், சஃபரிங் இரண்டையும் நிறுத்துங்கள். டார்மென்ட் ஒரு மாபின் கோபத்தைத் தன் மேல் இழுக்கும், சஃபரிங் சுற்றியுள்ள எல்லாவற்றையும் இழுக்கும். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் டாங்க்கோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். ஹீலருக்கும் யாரைக் குணப்படுத்துவது என்று குழப்பம். இம்பை பிளட் பேக்டுக்காக மட்டும் நிறுத்துவதானால் ஃபயர்போல்ட்டை அணைத்து ஃபேஸ் ஷிஃப்ட்டில் விடுங்கள், யாரும் அதை அடிக்க முடியாது. ஃபயர்போல்ட் ஒன்று போனாலும் ஃபேஸ் ஷிஃப்ட் கலைந்துவிடும்.

தனியாக ஆடும்போது இதற்கு நேர்மாறு, டார்மென்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சமாளிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் ஒன்றைச் சரிபாருங்கள். டார்மென்ட்டின் புதிய ரேங்க் 20, 30, 40 என்று பத்துப் பத்து லெவலுக்கு வரும். அது தானாக வராது. டீமன் டிரெய்னரிடம் கிரிமுவார் என்ற புத்தகம் வாங்கி, வாய்ட்வாக்கர் வெளியே நிற்கும்போது படிக்க வேண்டும். லெவல் 31-இல் இருந்துகொண்டு பழைய ரேங்க்கையே ஓட்டினால் மாப் உங்களிடம்தான் வரும். "வாய்ட்வாக்கர் பிடித்து நிறுத்த மாட்டேன் என்கிறது" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். அடிக்கும் வரிசையும் முக்கியம். பூதத்தை அனுப்பி முதல் டார்மென்ட் விழும்வரை பொறுங்கள். பிறகு கர்ஸ் ஆஃப் அகனி என்ற சாபம். அதன் சேதம் மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும், அதனால் கோபமும் மெதுவாகவே ஏறும். அடுத்து கரப்ஷன். எடுத்த எடுப்பில் சேதம் தரும் இம்மோலேட் கடைசியில்.

வாய்ட்வாக்கர் சாகப்போகிறது என்று தெரிந்தால் வெறுமனே சாகவிடாதீர்கள். ஷார்டு எப்படியும் போனதுதான். சேக்ரிஃபைஸ் அழுத்தினால் அது தன்னையே கொடுத்து 30 விநாடிக்கு உங்கள் மேல் கவசமாகும். கவசம் இருக்கும்வரை அடி விழுந்தாலும் மந்திரம் தடைபடாது. ஃபெல் டாமினேஷன் திறனை எடுத்திருந்தால் அடுத்த அழைப்பில் 5.5 விநாடி குறையும், அந்தக் கவசத்துக்குள்ளேயே புது வாய்ட்வாக்கர் வந்துவிடும். ஆனால் அதன் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) 15 நிமிடம், சின்ன ஆபத்துக்கெல்லாம் செலவழிக்க வேண்டாம்.

ஃபெல்ஹண்டர் மந்திரக்காரர்களுக்கு எதிரானது. மந்திரம் போடும் மாப், அல்லது எதிர்த்தரப்பு மேஜ், ப்ரீஸ்ட் என்றால் அதைக் கூப்பிடுங்கள். டெவவர் மேஜிக் எதிரியின் மேல் உள்ள நல்ல மந்திரத்தையும் நம் ஆளின் மேல் உள்ள கெட்ட மந்திரத்தையும் தின்னும். லெவல் 36-இல் ஸ்பெல் லாக் வரும், எதிரி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயை அடைக்கும். இரண்டையும் ஆட்டோவில் விடாதீர்கள். முக்கியமான மந்திரம் வரும்போது கூல்டவுனில் உட்கார்ந்திருக்கும். சக்குபஸ் மனித வடிவ எதிரிகளுக்கு, ஸ்கார்லெட் மடாலயம் டஞ்சனில் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான். செடக்ஷன் 15 விநாடி வரை ஒருவனைக் கட்டிப்போடும். அவன் மேல் உங்கள் கரப்ஷன் ஓடிக்கொண்டிருந்தால் முதல் சேதத்திலேயே விழித்துவிடுவான், சாபம் எதையும் போடும் முன்பே ஆளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஷார்டு கணக்குக்கு வருகிறேன். 2010-க்குப் பிறகு அசல் விளையாட்டில் ஷார்டு பையிலிருந்து போய்விட்டது, அதனால் புதிய வழிகாட்டிகளைப் படித்துக் குழம்பாதீர்கள். கிளாசிக்கில் ஒன்று ஓர் இடம், அடுக்க முடியாது. ஐந்து பேர் டஞ்சனுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நீங்களும் இன்னும் இரண்டு பேரும் முதலில் வாசலுக்குப் போய்விட்டால் மிச்சம் இரண்டு பேரை மந்திரத்தால் இழுக்க 2, ஆளுக்கொரு ஹெல்த்ஸ்டோனுக்கு (உயிர் ஏற்றும் கல்) 5, சோல்ஸ்டோனுக்கு (செத்தவர் எழ உதவும் கல்) 1, பூதம் செத்தால் கூப்பிட 2. மொத்தம் 10, கைக்கு உதவியாக இன்னும் 2. அதற்குமேல் உள்ளதைக் கூசாமல் அழித்துவிடுங்கள். சோல்ஸ்டோனை உள்ளே நுழைந்ததும் ஹீலர் மேல் போடுங்கள், 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அன்று அது இருந்திருந்தால் ஹீலர் எழுந்து மற்ற நால்வரையும் எழுப்பியிருப்பார்.

ஷார்டு சேர்ப்பதற்கு டிரெயின் சோல் மந்திரம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாப் சாக வேண்டும், அதன் லெவல் எண் சாம்பல் நிறத்தில் இருக்கக் கூடாது. மாபின் உயிர் கால்வாசிக்கு இறங்கியதும் தொடங்குங்கள், மிச்சத்தைக் கரப்ஷன் பார்த்துக்கொள்ளும். ஷார்டு மட்டும் போதுமென்றால் முதல் ரேங்க்கையே போடலாம், மானா மிச்சம், கிடைக்கும் ஷார்டு ஒன்றுதான். தையல்காரர்களிடம் 20 இடமுள்ள சோல் பவுச் கிடைக்கும், பின்னால் 24-உம் 28-உம் வாங்கலாம். அதில் ஷார்டைத் தவிர வேறெதுவும் போகாது, ஆனால் மற்ற பைகள் காலியாகும்.

கரண்ட் விஷயம். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தொல்லை அதிகம். லேப்டாப்பில் ஆடினால் மோடத்துக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். மரம் விழுந்து கேபிளே அறுந்தால் அதுவும் உதவாது. இணைப்பு போன பின்னும் உங்கள் ஆள் கொஞ்ச நேரம் களத்திலேயே நிற்பான். அந்த நேரத்தில் பூதம் பேசிவில் இருந்தால் நீங்கள் அடிவாங்குவதை வேடிக்கை பார்க்கும், டிஃபென்சிவில் இருந்தால் எதிர்த்து நிற்கும். ஆகவே டஞ்சனை விட்டு வெளியே வந்ததும் கண்ட்ரோல் 9. மின்னல் வெட்டும் ராத்திரிகளில் குரூப்பில் சேரும்போதே "லைன் போகலாம்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், ஹீலர் அதற்கேற்ப இருப்பார்.

நோமரிகனுக்கு மறுபடி போங்கள். இம்பைக் கூட்டிக்கொண்டு, 12 ஷார்டோடு. விளிம்புக்கு வந்ததும் குரூப்பில் "பெட்டை அனுப்பும்வரை நில்லுங்கள்" என்று நீங்களே முதலில் எழுதுங்கள். வேட்டைக்காரர் யாராவது இருந்தால் அவர் மிருகமும் இதே போலச் சுற்றிக்கொண்டுதான் வரும், அவருக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா