முடி எக்ஸ்டென்ஷனை வீட்டிலேயே இயற்கையாகத் தெரிகிற மாதிரி வைப்பது எப்படி?

உங்கட முடி தோள் வரைக்கும், அடுத்த மாதம் வீட்டிலை ஒரு கலியாணம், பியூட்டி பாலருக்குக் குடுக்கக் காசு இல்லை அல்லது குடுக்க மனமில்லை எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுறன், தங்கச்சி. வேற மாதிரி எண்டால் மன்னிக்கோணும். இந்தக் கேள்வியைக் கண்டிட்டுப் பேசாமல் போக என்னாலை ஏலாது. என்ர தம்பியின்ர கலியாண அல்பத்திலை நான் நிக்கிற படம் எல்லாத்திலையும் என்ர தலை ஒரு கறுப்பு, தொங்கிற முடி இன்னொரு கறுப்பு.

முதலே சொல்லிப்போடுறன், நான் அழகுக்கலை படிச்ச ஆள் இல்லை. யாழ்ப்பாணம் கொக்குவிலிலை இருந்து கணக்கு எழுதுற வேலை செய்யிறன். தெரிஞ்ச ஆக்கள் பிழை பிடிச்சால் திருத்துங்கோ. ஆனால் "உள்ள முடி போதும், இதெல்லாம் ஏன்" எண்டு கேக்க வாற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. பரதநாட்டிய அரங்கேற்றத்திலை பத்து வயசுப் பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழை சவரி வைச்சுப் பின்னி, குஞ்சமும் கட்டிவிடேக்கை முன்வரிசையிலை இருந்து கைதட்டுறனீங்கள்தானே. முப்பத்தாறு வயசிலை நான் வைச்சால் மட்டும் அது கள்ள முடியோ?

எனக்கு முடி கொட்டினது டெங்காலை. மார்கழி மழைக்குப் பிறகு வந்தது, ஆறு நாள் ஆசுப்பத்திரியிலை கிடந்தன். சுகமாகி வந்து, எல்லாம் சரி எண்டு இருக்கேக்கை பங்குனியிலை சீப்பு நிறையக் கழரத் தொடங்கிச்சு. கடும் காய்ச்சல் வந்தால் நிறைய முடி ஒரே நேரத்திலை வளர்றதை நிப்பாட்டிப்போட்டு, ரெண்டு மூண்டு மாதம் கழிச்சுச் சேர்ந்து விழுமாம், பிறகு தானாகவே வளருமாம். டொக்ரர் இதை ஆறுதலாகத்தான் சொன்னவர். தம்பியின்ர கலியாணம் வைகாசியிலை எண்டது அவருக்குத் தெரியாது.

இதிலை ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட மனம் கேக்குதில்லை. எங்கட பக்கத்து வளவு இருபது வருசமாய்ப் பூட்டிக் கிடக்கு. உரிமைக்காரர் வெளிநாட்டிலை. உள்ளுக்கு உடைஞ்ச தொட்டி, சிரட்டை, வடலிக்குள்ளை சனம் எறிஞ்ச யோகட் கோப்பை, எல்லாத்திலையும் மழைத்தண்ணி. நுளம்பு பரிசோதிக்க வந்தவை என்ர பூச்சாடித் தட்டைத் தூக்கிப் பார்த்து எச்சரிச்சுப்போட்டு, அந்தப் பூட்டின கேற்றிலை ஒரு காயிதம் ஒட்டிப்போட்டுப் போச்சினம். காயிதத்தை நுளம்பு வாசிக்குமே? உரிமைக்காரருக்குப் போன் எடுத்தால் "வாற வருசம் வருவம், அப்ப துப்புரவாக்குவம்" எண்டு பதில். சரி, முடிக்கு வாறன்.

ரவுணிலை ஒரு பான்சிக் கடையிலை "ஒறிஜினல் மனிச முடி" எண்டு சொல்லி 9,500 ரூபாக்கு ஒரு செற் தந்தவை. 22 அங்குலம், கிளிப் வைச்ச ஏழு துண்டு. உந்த விலைக்கு அவ்வளவு நீள உண்மை முடி வராது எண்டு இப்ப விளங்குது. அப்ப விளங்கேல்லை. கலியாணத்துக்கு முதல் நாள் இரவு ஸ்ரெயிற்னரைச் சூடாக்கி ஒரு துண்டிலை வைச்சன். பிளாஸ்ரிக் வாளி எரியிற மணம். ஒரு சாண் முடி சுருண்டு, கம்பியிலை ஒட்டிக்கொண்டு நிண்டிட்டுது. அம்மா குசினிக்குள்ளை இருந்து "என்னடி கருகுது?" எண்டு ஓடி வந்தவ. கருகினதை வெட்டி எறிஞ்சுபோட்டு, மிச்ச ஆறு துண்டோடை போனன். விசர் எண்டுதான் சொல்லோணும்.

மண்டபத்திலை வீடியோக்காரன்ர வெளிச்சம் பட்டவுடனை பின்பக்கம் பளபளவெண்டு பொம்மைத் தலை. ஆசீர்வாதம் வாங்கக் குனியேக்கை இடப்பக்கக் கிளிப் வழுக்கிக் காதுக்குக் கீழை வந்திட்டுது. லண்டன் மாமி கூட்டத்துக்கு நடுவிலை, "பிள்ளை, தலையிலை என்ன நைலோன் கயிறே?" எண்டு கேட்டா. அவ பகிடிக்குத்தான் கேட்டவ, எனக்கும் தெரியும். ஆனால் அண்டைக்கு நான் சாப்பிடேல்லை.

பிறகுதான் நெல்லியடியிலை பொம்பிளை அலங்காரம் செய்யிற என்ர பள்ளிக்கூடச் சிநேகிதியிட்டை போய் இருந்து, ஒழுங்காய்க் கேட்டன். அவ முதலிலை ரெண்டு மயிரை உருவி நெருப்புக்குச்சியாலை கொழுத்திக் காட்டினா. உண்மை முடி எண்டால் மயிர் பொசுங்கிற மணம் வரும், சாம்பலை விரலாலை நசுக்கினால் தூளாகும். செயற்கை எண்டால் உருகிக் கட்டியான மணி மாதிரி நிக்கும். வாங்க முதல் கடையிலையே ரெண்டு மயிர் கேளுங்கோ. தரமாட்டன் எண்டால் அதுவே பதில்.

உண்மை முடியிலையும் சாதி இருக்கு. தலையிலை இருந்து சேர்த்து வெட்டி, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையிலை வைச்சுக் கட்டினதை ரெமி எண்டு சொல்லுவினம். இந்தியாவிலை வீடு வீடாய்ப் போய் சீப்பிலை கழர்ந்த முடியை வாங்கிச் சேர்க்கிறதும் இருக்கு. அதிலை வேரும் நுனியும் மாறி மாறிக் கிடக்கிறதாலை, ஒரு மயிரின்ர மேலை இருக்கிற நுண்ணிய செதில் மற்றதிலை மாட்டிச் சிக்கு விழும். திருப்பதித் திருமலையிலை காணிக்கையாய் இறக்கிற முடியைத் தேவஸ்தானமே ஏலத்திலை விக்குது. "சாமிக்குக் குடுத்ததைத் தலையிலை வைக்கிறது பாவம்" எண்டு எழுத வாறவை அதை அங்கை போய்க் கேளுங்கோ, என்னட்டைக் கேக்காதேங்கோ.

நிறத்தை எல்லாரும் உச்சியோடைதான் ஒப்பிட்டுப் பாக்கிறவை. பிழை. ஒட்டுமுடி போய்ச் சேர்றது உங்கட நுனியோடை, அதாலை நுனியோடை பாருங்கோ, வெளி வெளிச்சத்திலை. எண்ணெய் வைச்ச தலையோடை போகவும் வேண்டாம். எண்ணெய் முடியை இன்னும் கறுப்பாக்கிக் காட்டும். நானும் எண்ணெய் வைச்சுக்கொண்டு போய்த்தான் 1 எண்டு நம்பர் போட்ட கரிக்கறுப்பை வாங்கினன். எங்கட ஆக்கள் கனபேருக்கு 1பி எண்ட மண்ணிறம் கலந்த கறுப்புத்தான் பொருந்தும்.

நீளத்திலை ஆசைப்படாதேங்கோ. சொந்த முடியிலும் ஒரு சாண் கூட இருந்தால் போதும். தோளோடை வெட்டின முடி எண்டால் அதின்ர மொட்டை நுனி மேலை திரையாய்த் தெரியும், கீழை ஒட்டுமுடி மெல்லிசாய்த் தொங்கும். கண்டுபிடிக்கப்படுறது அந்த இடத்திலைதான். அதுக்குப் பிடரியிலை கடைசி ரெண்டு விரல் அகல முடியைச் சின்னப் பின்னலாய்ப் பின்னி, சுருட்டிக் கறுப்புப் பின் குத்தி, அதுக்கு மேலை முதல் துண்டை மாட்டோணும். அடியிலை இருந்து மேலை வாங்கோ. ஒவ்வொரு வரியிலும் வேருக்குக் கிட்ட உள்ள முடியைச் சீப்பாலை கீழை இருந்து வேர்ப்பக்கமாய்ச் சிலுப்பி, கொஞ்சம் ஸ்பிறே அடிச்சுப்போட்டுக் கிளிப்பைப் போட்டால் வழுக்காது. மண்டபத்திலை என்ரது வழுக்கினது ஏனெண்டால் அண்டைக்குக் காலமை நல்லெண்ணெய் வைச்சு முழுகினனான். பக்கத்துத் துண்டுகள் நெற்றி ஓரத்திலை இருந்து ஒண்டரை அங்குலமாவது உள்ளுக்கு நிக்கோணும், உச்சியிலை கிளிப்பை மூடுற அளவுக்குச் சொந்த முடி விடோணும்.

மாட்டினாப் பிறகு வெட்டுறதுதான் முக்கியம், அதைத்தான் ஒருத்தரும் செய்யிறதில்லை. பெட்டியாலை வந்த மாதிரியே நுனி நேர்கோடாய் இருந்தால் எவ்வளவு விலை குடுத்தும் பிரயோசனமில்லை. கத்திரிக்கோலைக் குறுக்கை பிடிக்காமல் நெட்டுக்குப் பிடிச்சு, நுனிக்குள்ளை சின்னச் சின்னதாய் வெட்டோணும். அக்காவோ மச்சாளோ பின்னாலை நிண்டு வெட்டட்டும், தனிய வெட்டினால் ஒரு பக்கம் ஏறும். கூட வெட்டினால் திரும்ப வளராது எண்டதையும் அவைக்கு ஞாபகப்படுத்துங்கோ.

செயற்கை முடிதான் கையிலை இருக்கு எண்டால் பளபளப்பைக் குறைக்கப் பேபி பவுடரைத் தூவி நல்லாய் உதறுங்கோ. கூடிப்போனால் பிளாஷ் பட நரை மாதிரித் தெரியும், அளவோடை. பின்னல் போட்டு வேணி வைக்கிறது இன்னும் சுகம். இணைப்புக்கு மேலை மல்லிகைச் சரம் நிண்டால் ஆரும் அங்கை உத்துப் பாக்கப்போறதில்லை. சேலைக்கு அதுதான் வடிவும், என்ர அபிப்பிராயம்.

இனி, வெளிநாட்டு வீடியோ ஒண்டும் சொல்லாத விசயம், எங்கட தண்ணி. யாழ்ப்பாணத்துக்கு அடியிலை சுண்ணாம்புக்கல், அதாலை கிணத்துத் தண்ணி கடினம், சவர்க்காரம் நுரைக்காது. ரெண்டாவதாய் வாங்கின நல்ல முடியை நான் கிணத்தடியிலை சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சன். காய்ஞ்சாப் பிறகு பனந்தும்பு. தண்ணியிலை இருக்கிற சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்து முடியிலை படியுது. சொந்த முடி எண்டால் தலையிலை ஊறுற எண்ணெய் ஓரளவுக்குக் காப்பாத்தும், வெட்டின முடிக்கு அது இல்லை. இப்ப குடிக்க வாங்கிற வடிகட்டின தண்ணியிலை, அல்லது மாரியிலை பிடிச்சு வைச்ச மழைத்தண்ணியிலை, ஷாம்பூ போட்டுக் கழுவி, கடைசியாய் ஒரு வாளித் தண்ணிக்குள்ளை ஒரு கரண்டி வினாகிரி விட்டு அலசுறன். வினாகிரி இல்லாட்டில் தேசிப்புளி. பிறகு கண்டிஷனரை நுனிக்கு மட்டும். கிளிப் தைச்ச பக்கத்துக்குப் பூசினால் தையல் இளகும். நிழலிலை விரிச்சுக் காயவிடுங்கோ, முத்தத்து வெயிலிலை போட்டால் செம்பட்டையாகும்.

படுக்க முதல் கட்டாயம் கழட்டுங்கோ. காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுற தலையிலை ஒரே இடத்திலை இழுத்து மாட்டிக்கொண்டே இருந்தால், வளர வேண்டிய முடியும் அந்த இடத்திலை வளராமல் போகலாம். எனக்கு ஆறு மாதத்துக்குள்ளை கொட்டுறது நிண்டிட்டுது. நிக்காட்டில் என்னை மாதிரிக் கணக்குப் பிள்ளையிட்டைக் கேக்காமல் தோல் வைத்தியரிட்டைப் போங்கோ.

கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் எல்லாத்தையும் மாட்டி, முத்தத்திலை வெயிலுக்கு நிண்டு, பின்பக்கத்தை ஆரையும் கொண்டு போனிலை படம் எடுப்பியுங்கோ. கண்ணாடியை நம்பாதேங்கோ, அது முன்பக்கத்தை மட்டும்தான் காட்டும். சேலையோ லெகங்காவோ எண்டு நீங்கள் எழுதேல்லை. சேலை எண்டால் சொல்லுங்கோ, பின்னலுக்குள்ளை ஒட்டுமுடி சேர்க்கிற விதத்தை வேற பதிலாய் எழுதுறன், இது ஏற்கனவே நீண்டுபோச்சு.