ஆய்வுக் கட்டுரைக்கு எந்தச் சான்று தகும்?

இணையத்தில் கிடைக்கும் எதையும் கல்லூரி ஆய்வுக் கட்டுரையில் சான்றாகக் காட்டலாமா என்பது கேள்வி. கூடாது. அந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நிகழ்ந்த காலத்திலேயே உருவான கல்வெட்டு, கடிதம், அரசு ஆவணம் போன்றவை முதன்மைச் சான்றுகள். அவற்றைப் படித்து ஆராய்ந்து பின்னால் எழுதப்பட்டவை துணைமைச் சான்றுகள். கைமாறும்போதெல்லாம் செய்தியில் ஏதாவது உதிரும், ஏதாவது ஒட்டிக்கொள்ளும். மனை வாங்குகிறவர் தரகர் பேச்சைக் கேட்டுக்கொண்டாலும் மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பாரா?

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வெயில் சாயும் நேரத்தில் போய் நின்றால் நிழல் நம் காலடியில் நீண்டு கிடக்கிறது! அதே கோயிலின் கல்வெட்டோ, கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் சொல்லி, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை குறிக்கிறது. அவர்களுக்கான ஊதியம், ஒரு பங்குக்கு நூறு கலம் நெல். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் இது அச்சாகியிருக்கிறது. நல்ல கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

முதன்மைச் சான்று என்றாலே முழு உண்மை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழ்ப்பாட்டான மெய்க்கீர்த்தி அவனுடைய வெற்றிகளைத்தான் பாடும், தோல்விகளை அல்ல.